மீன் தலை

“முதல்ல இவரு தலையைப் பாருங்க, டாக்டர்” என்று கணவர் ஒடேராவை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தாள் பெரிஸ். “ரெண்டு மாசமா என் தட்டுல இருக்கிற மீன் தலையை எடுத்துத் தின்னுட்டு, எடுக்கவே இல்லன்னு சாதிக்கிறாரு. எழுபது வயசுல இப்படி ஒரு மறதி.”

டாக்டர் அடோங்கோ, சின்னச் சின்னக் கோடுகள் நிறைந்த தாளை ஒடேராவிடம் நீட்டி, எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். அவர் ஒன்று விடாமல் அடித்தார்.

“இதெல்லாம் ஒரு பரீட்சையா? இங்க கொடுங்க.” பெரிஸ் இன்னொரு தாளை வாங்கி விறுவிறுவென்று அடித்துவிட்டுப் பேனாவை வைத்தாள். “ஒண்ணு பாக்கி இருந்தாச் சொல்லுங்க.”

வலது பாதியில் ஒன்றும் பாக்கி இல்லை. இடது பாதியை அவள் தொடவே இல்லை.

கூட வந்தவர்களுக்கும் எடை பார்ப்பதாகச் சொல்லி நர்ஸ் அவளை அழைத்துப் போனதும், டாக்டர் கோப்பைத் திறந்தார். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ‘பெரிஸ்’ என்றிருந்தது.

“உங்க சந்தேகம் சரிதான், ஐயா. இடது பக்கம் இருக்கிறது எதுவுமே அவங்களுக்கு உறைக்கல. மூளையில கட்டி இருக்கான்னு உடனே ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்.”

“மீன் தலை வலது பக்கம் வர்ற மாதிரி தட்டைத் திருப்பி வெச்சா, அவளுக்குக் கிடைச்சிடும். திருடினதைத் திரும்ப வெச்சிட்டீங்களான்னு கேப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டா. அதான், மறதி எனக்குத்தான்னு ஒத்துக்கிட்டேன்.”

ஒடேரா எழுந்தார். “ஸ்கேனும் எனக்குன்னே சொல்லுங்க டாக்டர். நாளைக்குக் காலையிலயே என்னை இழுத்துட்டு வந்துடுவா.”