பாதங்களுக்குச் சான்று

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உப்பளத் தொழிலாளர் பற்றிய தன் ஆய்வேட்டில், 'உப்பில் ஊறிய என் அப்பாவின் பாதங்கள் மட்டும் சிதையில் வேகவில்லை' என்று எழுதியிருந்தாள் முத்தரசி. ஆய்வு நெறி கற்பிக்கும் பேராசிரியர் அறவாழி அந்த வரியைச் சிவப்பில் சுழித்தார்.

"இது யாரும்மா சொன்னது?"

"நானே பாத்தது சார்."

"நீ பாத்ததெல்லாம் ஆதாரமாயிடுமா? ஆசிரியர், வருஷம், பக்க எண் வேணும். இல்லாட்டி பட்டத்த மறந்துடு."

முத்தரசி அந்த வரியை அடித்துவிட்டாள். அடுத்த மாதமே ஓர் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது. அந்தப் பாதங்கள் அதில் இருந்தன.

"இப்ப ஆதாரம் கெடச்சிருச்சு பாரு. என் பேரப் போட்டு அந்த வரியச் சேத்துக்கோ" என்றார்.

சேர்த்தாள். பட்டமும் கிடைத்தது. விழாவுக்கு அவளுடைய அப்பா உப்பளத்திலிருந்து நேராக, செருப்பில்லாமல் வந்திருந்தார்.