ஓட்டிப் பார்க்காமல் வாங்கியவர்கள்

அந்தக் காலத்தில் உறுமிக்கொண்டு பறந்த மஸில் காரைக் கம்பெனி மறுபடி கொண்டுவந்திருந்தது. அதுவும் விற்காவிட்டால் ஃபிளின்ட் ஊர்த் தொழிற்சாலையோடு விற்பனையாளர் லீலண்டின் ஷோரூமுக்கும் பூட்டு விழும்.

அந்த வாரத்தில் நாலாவது ஆள் உள்ளே வந்ததும் லீலண்டுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஓட்டிப் பாருங்க சார்! அதே பழைய உறுமல்!"

"வேண்டாம்ப்பா. கையெழுத்து எங்க போடணும்?"

"கலராச்சும் சொல்லுங்க."

"எதுவானாலும் சரி."

"என்ன சார் இது! நேத்து வந்தவரும் இப்படித்தான். கதவைக்கூடத் திறந்து பார்க்கல."

"அவன் எதுக்குத் திறக்கணும்? அதை மாட்டினதே அவன்தானே!"

லீலண்டின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நீங்க?"

"அதே ஃபாக்டரிதான். நான் சக்கரம் மாட்டுறவன். முந்தாநாள் வந்தவன் கண்ணாடி."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மெல்லக் கேட்டார்: "வெளியாள் ஒருத்தராச்சும் வாங்கினாங்களா, தம்பி?"