சுபாஸ்கரனுக்கு வந்த சந்தேகங்கள்

"இஞ்சை பாரும், 'ஸ்ரேஷனரி' எண்டு ரண்டு சொல்லுக் கிடக்கெல்லே? எது அசையாமல் நிக்கிறது, எது கொப்பி பென்சில்?"

லண்டனிலிருந்து சுபாஸ்கரன் இதைக் கேட்டதும் உதயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? காலையிலிருந்து நல்லூர் ரியூட்டரியில் பிள்ளைகளுக்கு இதே இழவைத்தான் கத்திவிட்டு வந்திருக்கிறாள். மானிப்பாய் வரை பஸ்ஸில் நின்றபடி வந்து, வீட்டைத் திறந்து, மனுசன் எடுக்கிறாரே என்று ஆசையாய்ப் போனைத் தூக்கினால், இங்கேயும் பாடம்!

கலியாணப் பந்தல் பிரித்த கையோடு போனவன். ஆறாவது வருசம் ஓடுகிறது. அகதி வழக்கு முடிந்து விசா கிடைக்கும் வரை அவன் வரவும் ஏலாது, அவள் போகவும் ஏலாது. இருப்பது இந்தப் போன் ஒன்றுதான். அதில் இவன் கேட்பதைப் பாருங்கள்: முந்தநாள், பாலைவனத்துக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு தின்கிற இனிப்புக்கும் எழுத்தில் என்ன வித்தியாசம்? நேற்று, 'குவயட்'டா 'குவைட்'டா?

மற்ற நாளென்றால் ஏசி ஏசிக் கடைசியில் சிரித்தும் விடுவாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும் உது! இங்கிலீசுக்காரன்ரை நாட்டிலை இவ்வளவு காலம் இருந்து என்னத்தைக் கிழிச்சனீங்கள்?"

"அதுதானே உம்மட்டைக் கேக்கிறன்," என்று சிரித்தான்.

"சிரிக்காதேங்கோ. நான் உங்களுக்கு மனுசியோ, இங்கிலீஸ் ரீச்சரோ?" குரல் உடைந்துவிட்டது. "உம்மடை நினைவாக் கிடக்கு எண்டு ஒருநாளைக்கு ஒரு சொல்லு வந்திருக்கே உங்கடை வாயிலை? இனிச் சொல்லுக் கேக்கிறதெண்டால் எடுக்கவேண்டாம்!"

வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"எடுக்கவேண்டாம் எண்டால் உடனை விட்டிடுறதே! உதுக்கு மட்டும் நல்லாச் சொல்வழி கேப்பார்," என்று குசினிக்குள் தனியே நின்று பொரிந்தாள். போட்ட தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. போனில் சத்தம் கூட்டித்தான் வைத்திருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தாள். கூட்டித்தான் இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாய் இருந்தது.

மறுநாள் பின்னேரம் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"அக்கா, நான் பார்த்தீபன். சுபாஸ் அண்ணையோடை ஒரே கடையிலை வேலை. போன கிழமைதான் திருவிழாவுக்கு எண்டு வந்தனான். அண்ணை உங்களுக்குப் பார்சல் தந்துவிட்டவர்."

பிரித்தால் கொஞ்சம் சொக்லேட். அடியில் தடிப்பாய் ஒரு குளிர்ச்சட்டை.

"ஐயோ, இந்த வெய்யிலுக்கு உதை ஆர் போடுறது?"

"அங்கை வரேக்கை போடவாம்."

உதயகலா சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, இங்கிலீஸ் தெரியாமல் அவருக்கு அங்கை பெரிய கரைச்சலோ?"

பார்த்தீபனுக்குப் புரையேறிவிட்டது.

"ஆருக்கு, அண்ணைக்கோ? நல்ல கதை! எங்கடை ஆக்கள் டொக்டரிட்டைப் போறதெண்டால் கதைச்சு விளங்கப்படுத்த அண்ணையைத்தான் கூட்டிக்கொண்டு போறது. எங்கடை முதலாளி வெள்ளைக்காரன், அவனே கடிதம் எழுதினால் அண்ணையிட்டைக் காட்டித்தான் அனுப்புவான்."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் என்னட்டை…"

"ஓ, அதுவோ!" பார்த்தீபன் தலையைச் சொறிந்தான். "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. வேலையிலை பிறேக் நேரம் நாங்கள் எல்லாரும் சாப்பிடுவம். அண்ணை போனுக்குள்ளை சொல்லுத் தேடிக்கொண்டு நிப்பார். ஒரே மாதிரிக் கிடக்கிற சொல்லுகள். 'டேய், இது எனக்குத் தெரியாதெண்டால் மனுசி நம்புவாளோ?' எண்டு எங்களிட்டைக் கேப்பார்."

உதயகலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதென்ன அண்ணை விசர் வேலை எண்டு நானும் கேட்டனான். 'சாப்பிட்டீரோ எண்டால் ஓம் எண்டுவாள். சுகமோ எண்டாலும் ஓம். பிறகு, விசா என்ன மாதிரி எண்டு கேட்டிட்டு அழுவாள். அதுக்கு மேலை எனக்குக் கதைக்கத் தெரியாதடா. சொல்லுக் கேட்டால்தான் நல்லா ஏசி, விளங்கப்படுத்தி, கடைசியிலை ஒருக்காச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிட்டுத்தான் நான் மிச்ச வேலையைச் செய்யிறது' எண்டவர்."

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டும் வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ…" பயந்து பயந்து வந்தது குரல்.

"இஞ்சருங்கோ, எனக்கொரு சந்தேகம்."

"என்ன?"

"'ஹியர்' எண்டு ரண்டு சொல்லுக் கிடக்கெல்லே? ஒரே சத்தம். எதுக்கு என்ன கருத்து எண்டு மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பார்த்தீபன் வந்தவனோ?"

"ஆர் வந்தால் உங்களுக்கென்ன? கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"ஒண்டு… இஞ்சை எண்டது. மற்றது, காதுக்குக் கேக்கிறது."

"விளங்கேல்லை," என்றாள் இங்கிலீஸ் ரீச்சர், குளிர்ச்சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொருக்கா ஆறுதலாச் சொல்லுங்கோ."