சூடானால் நிற்கும் கார்

இந்தக் காலத்தில் எவனும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. கேட்டால் பழியை வண்டி மேல் போட்டுவிடுகிறான். தீவில், கராச்சர்மா பகுதி ஒர்க்‌ஷாப்பில் மணியன் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

"கார் வரும் வரும்னு ரெண்டு ஞாயித்துக்கிழமை வீடே வாசல்ல காத்துக்கிடந்துச்சு. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"ரெண்டு தடவையும் டெலானிபூர் மேட்டுல நின்னுடுச்சுங்க ஐயா," என்றான் மெக்கானிக் சுதாகர். "கிராங்க் சென்சார் கோளாறு. இன்ஜின் சூடானா சிக்னல் போயிடுது. ஆறினா தானா வந்துடுது."

"எல்லாம் பஹானா, வெறும் சாக்கு! இப்ப ஸ்டார்ட் பண்ணு, பார்ப்போம்."

சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது.

"நல்லாத்தானேடா ஓடுது!"

சுதாகர் பக்கத்திலிருந்த வீட்டுக்குப் போய்த் தன் அக்காவின் ஹேர் டிரையரை எடுத்துவந்து சென்சாருக்குச் சூடு காட்டினான். சற்று நேரத்தில் இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது.

"பார்த்தீங்களா? புது சென்சார் மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வருது. அது வந்ததும்..."

"சொந்தக் காரையே சரிபண்ணத் துப்பில்லாத மெக்கானிக்கு! எம் பொண்ணு வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. வேணும்னா இந்த ஞாயிறு பொண்ணு பார்க்க பஸ்ஸுல வா!"

"கட்டாயம் வந்துடறேன் மாமா."

"மாமாவா? அதை வந்தப்புறம் சொல்லு."

இப்படிச் சூடு காட்டினால் எந்த இன்ஜின்தான் நிற்காது என்று முணுமுணுத்தபடி மணியன் நடையைக் கட்டினார்.