நாலு கடை தள்ளி

மூன்று வாரமாக யூனிஸ் நாலு கடை தள்ளித்தான் கூடையை இறக்குகிறாள்.

அனகாபுத்தூர் மார்க்கெட்டில் பன்னிரண்டு வருஷமாக அவளும் முத்தாலம்மாளும் ஒட்டி உட்கார்ந்து மீன் விற்றவர்கள். ஒரே தட்டில் இட்லி தின்றவர்கள். இப்போது யூனிஸ் இந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. தப்பித் தவறித் திரும்பினாலும் முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொள்கிறாள்.

முத்தாலம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்திருந்தது. தலையில் முடி இல்லை. வஞ்சிரத்தைத் துண்டு போடக் கையில் தெம்பில்லை. ஆனாலும் வீட்டில் படுத்துக்கொண்டால் அடுப்பு எரியுமா?

"இன்னாக்கா, யூனிஸ் எடம் மாத்திகினா?" ஐஸ் போட வந்த தனசேகர் கேட்டான்.

"என் நோவு ஒட்டிக்கும்னு பயம்பா. வுடு."

"அது ஒட்டற நோவு இல்லியேக்கா."

"எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியணுமே."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் முத்தாலம்மாளுக்கு ஃப்ளூ ஊசி போட்டாள்.

"கீமோவுல உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கொறைஞ்சிருக்கும்மா. சாதாரண சளிக்காய்ச்சலே நெஞ்சுல எறங்கிடும். வீட்ல இருக்கறவங்க, கூட வேலை பாக்கறவங்க எல்லாரையும் ஊசி போட்டுக்கச் சொல்லுங்க. மார்க்கெட்ல பக்கத்துல யாரு உட்கார்றாங்க?"

"இப்போ யாரும் இல்ல" என்றாள் முத்தாலம்மாள். இருந்த அலுப்பில் அழக்கூட வரவில்லை.

மறுநாள் காலை, பக்கத்தில் தொப்பென்று ஒரு கூடை இறங்கியது. யூனிஸ்.

முத்தாலம்மாள் நிமிராமலே கேட்டாள். "இன்னாடி, இன்னிக்கு மட்டும் ஒட்டிக்காதா?"

யூனிஸ் உட்கார்ந்தாள்.

"பொண்ணு எழிலுக்கு ஃப்ளூக்கா. ஒரு வாரம் காய்ச்சல். பக்கத்துல கீமோ ஏத்திக்கிற அக்கா ஒருத்தர் கீறாங்கன்னு டாக்டராண்ட சொன்னேன். வூட்ல எல்லாரும் ஊசி போட்டுக்கோங்க, அது வேலை செய்ய ரெண்டு வாரம் ஆவும், அதுவரைக்கும் தள்ளியே இருன்னாரு. நேத்தோட ரெண்டு வாரம் முடிஞ்சுது."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா வுட்டுருவியா நீ? ஒண்ணியும் ஆவாது, வந்து குந்துடின்னு இஸ்து ஒக்கார வெச்சிருப்பே."

முத்தாலம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒட்டிக்கும்னு நீ பயந்துட்டேன்னு நெனச்சேன்டி. ஊருக்கே அப்படித்தான் சொல்லிகினு இருந்தேன்."

"பயந்தது நெசந்தான்க்கா." யூனிஸ் ஐஸை ஒதுக்கி மீனை எடுத்து அடுக்கினாள். "எங்க வூட்டுச் சளி உனக்கு ஒட்டிக்குமோன்னு."