நாலடி இடம்

பால்மா ரின் தகரத்தை வெட்டிச் செய்த விளையாட்டு ரயிலுக்கு, யோகலிங்கம் கூடம் முழுவதும் கம்பியால் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“முழுக் கூடமும் வேணுமே உங்கட ரயிலுக்கு?” என்றாள் மனைவி இரத்தினேஸ்வரி. “நடுவில நாலடியாவது விடுங்கோ. ஆக்கள் வருவினம்.”

“ஆர் வரப்போகினம்? குண்டுக்குப் பயந்து பாதிச் சனம் கிளிவெட்டிக்குப் போட்டுது.”

“மிச்சச் சனம் வரும்தானே.”

“ஓரங்குலமும் விட ஏலாது. சீதேவி ஆசையாக் கேட்டவள்.”

அறைக்குள்ளிருந்து எட்டு வயது மகளின் குரல் வந்தது. “அப்பா, சீனன்குடா ஸ்டேசன் வந்திட்டுதோ?”

“வருது மகள். அம்மாதான் சிக்னல் தாறா இல்லை.”

சீதேவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நீண்டது. நெஞ்சில் பாய்ந்த குண்டுச் சிதறலை எடுக்க முடியாதென்று, ஆஸ்பத்திரியில் நேற்றுத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரத்தினேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். “நாளையைத் தாண்டாது எண்டு டொக்டர் சொன்னவர். தெற்க தலை வைச்சுக் கிடத்த வேணும். பிள்ளை நாலடிதானே. அதுக்கு மேல நான் கேக்கேல்லை.”

யோகலிங்கம் நடுவிலிருந்த கம்பிகளைக் கழற்றி, தண்டவாளத்தை ஓரமாக வளைத்தார். பிறகு மகளைத் தூக்கிவந்து, அறை வாசற்படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நடுவில ஏனப்பா வெறுமையாக் கிடக்கு?”

“அது கடல், மகள்,” என்றார். “ரயில் கடலைச் சுத்திப் போகும்.”