பென்சிலில் எழுதிய விடை

துறைமுகத்தில் ‘கொக்கி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவரும், அகவை அறுபத்து மூன்று நிறைந்தவரும், கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றபின் அஞ்சல்வழியில் கணிதப் பட்டம் பயில்பவருமான அப்பெரியவர், தடித்த புத்தகம் ஒன்றை நூலகரின் மேசைமேல் தொப்பென்று போட்டார்.

“யாரோ இதுல கிறுக்கி வச்சிருக்காங்கம்மா!”

நூலகர் அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்தவரையும் வாசல்வரை விரட்டிச் சென்றவர் அவர்.

“கத்தாதீங்க ஐயா. புகார்ப் பதிவேடு இருக்கு, எழுதுங்க.”

“எழுதத்தான் போறேன். கடைசிப் பக்கத்துல அச்சடிச்ச விடை ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, பென்சில்ல வேற விடை எழுதியிருக்கான். எல்லாம் தப்பு.”

“தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பெரியவரின் குரல் இறங்கியது.

“எனக்கும் அதே விடைதாம்மா வந்துச்சு.”

முந்தைய நாள் மாலை, இதே மேசைமுன் நின்றுதான் அவர் மனம் வெதும்பிச் சொல்லியிருந்தார்: “ஐகன் வெக்டர் கணக்கு பதினொண்ணு போட்டேன். ஒண்ணுகூடப் புத்தகத்தோட ஒத்துப் போகல. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படி மண்டு போல. தேர்வுக்கு விண்ணப்பம் போடப் போறதில்லம்மா. இத்தோட விட்டுடறேன்.”

அம்மையார், கணக்கு எழுதிய அட்டைகளுக்காகக் கையை மட்டும் நீட்டினார். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு அந்நூலகத்தில் பழைய அட்டைகளைக் கொடுப்பார்கள். எழுதி முடித்தபின் அவற்றை அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. வினா எண்ணிட்டு நேர்த்தியாக எழுதிய அட்டைகளைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போனவர், புத்தகத்தை இறுதியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றே இன்று வந்திருந்தார்.

புகாரை எழுதி முடித்த பெரியவர், வாசலுக்குப் போகாமல் தம் பழைய நாற்காலிக்கே திரும்பினார்.

“என்ன ஐயா, விட்டுடறேன்னீங்க?”

“ஒரு மண்டு இருந்தா அவன் மண்டு. ரெண்டு மண்டு இருந்தா அது வகுப்பும்மா.”

அன்றுமுதல் நாள்தோறும் மும்மூன்று கணக்குகள். மறுநாள் வந்து பார்த்தால், அச்சிட்ட விடைக்குப் பக்கத்தில் அவருடைய விடையே பென்சிலில் வீற்றிருக்கும். “வந்துட்டியா கூட்டாளி!” என்று புத்தகத்தை அவர் தட்டிக்கொடுப்பதும், “ஐயா, சத்தம்!” என்று அம்மையார் அதட்டுவதும் வழக்கமாயின.

ஆறாம் நாள், இத்தனை நாளும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு வரியில் அவர் கண் நின்றது. ‘இங்கே சுழியம் தவிர எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம்.’

புத்தகம் எல்லாக் கணக்கிலும் ஒன்றை எடுத்திருந்தது. அவரோ மூன்றை எடுத்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாக, எச்சரிக்கைக்கு மூன்றுமுறை மணியடிக்காமல் ஒரு பெட்டியையும் தூக்கியிராத கை அது. ஒன்றில் தொடங்க அதற்கு வராது.

புத்தகத்தின் விடை (1, 2). அதைக் கணக்கில் கொடுத்திருந்த எண் அணியால் பெருக்கினார். (5, 10) வந்தது. தம் விடை (3, 6). பெருக்கினார், (15, 30) வந்தது. இரண்டுமே ஐந்து மடங்கு நீண்டன. இரண்டுமே திசை மாறவில்லை; ஐகன் வெக்டருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

“அட, கயிறு!” என்று எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயா, சத்தம்!”

“சத்தம் கிடக்கட்டும், இங்க பாருங்கம்மா! இது தொங்குற கிரேன் கயிறு மாதிரி. ஒரு அடி இறக்கினாலும் மூணு அடி இறக்கினாலும், மேலேயே தூக்கினாலும், கயிறு போற கோடு ஒண்ணுதானே? புத்தகம் அந்தக் கோட்டுல ஒரு இடத்தைத் தொட்டுச்சு, நான் வேற இடத்தைத் தொட்டேன். ரெண்டும் சரி!”

“சரியா?” அம்மையாரின் வாய் திறந்தபடி நின்றது. “அப்போ… பென்சில்ல இருக்கிறது அத்தனையுமா?”

“அத்தனையும்!”

நாற்காலியில் அமர்ந்தபின்தான் பெரியவருக்கு அந்த ஐயம் எழுந்தது. எண்ணற்ற விடைகள் சரியாக இருக்கும்போது, கூட்டாளிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்றே எப்படி வாய்க்கும்? அவனும் மணியடித்தவனோ?

அன்றைய கடைசிக் கணக்கில் வேண்டுமென்றே நாற்பத்தொன்றை எடுத்து, (41, -41) என்று எழுதி, அட்டையை வழக்கம்போல் கொடுத்துவிட்டுச் சென்றார்.

மறுநாள் புத்தகத்தைத் திறந்தார். பென்சிலில் (41, -41).

அட்டைகள் போய்ச் சேரும் கை ஒன்றே ஒன்றுதான். பெரியவர் அந்த மேசைமுன் போய் நின்றார்.

“இவ்வளவு கணக்குத் தெரிஞ்சவங்க, என் விடை சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா? எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி?”

அம்மையார் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் இருந்த பென்சிலை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினார்.

“எனக்குக் கணக்குன்னாலே ஆகாது ஐயா. நீங்க போட்டதெல்லாம் தப்புன்னுதான் நானும் நினைச்சேன். உலகத்துலயே நான் ஒருத்தன்தான்னு சொன்னீங்களே, அதுதான் மனசு கேக்கல.”

பெரியவர் சட்டைப்பையிலிருந்து தேர்வு விண்ணப்பத்தை எடுத்து, சாட்சிக் கையொப்பத்திற்கு அவரிடமே நீட்டினார். பிறகு புகார்ப் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி, தம் புகாருக்கு நேரே, ‘முடிவு’ என்ற கட்டத்தில் குண்டு குண்டாக எழுதினார்:

‘கிறுக்கியவர் அகப்பட்டார். விடைகள் அனைத்தும் சரி. எவரும் அழிக்கலாகாது. மார்ச்சு மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை, மாலை நான்கு மணி.’